தாலி நேரத்தில் திரும்பும் கை

எழுதிப் பழக்கமில்லாதவன், மன்னியுங்கள். ஆரணியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முதல் நாள் மாலை பந்தி வரிசையில் எனக்கு முன்னால் போட்டோகிராபரும் வீடியோக்காரரும் நின்றிருந்தார்கள்.

"தாலி கட்டசொல்ல கை தப்பா திரும்பிடும்ணா. பயமா கீது," என்றார் போட்டோகிராபர்.

"இன்னாபா சொல்ற?"

"என் லென்ஸு ரிப்பேரு. இரவல் வாங்கியாந்த இது வேற கம்பெனி. படம் அதே பளிச்சுதான். ஆனா ஜூம் வளையம் எதிர்ப்பக்கம் சுத்துது. பத்து வருசப் பழக்கம் கைக்கு. கிட்ட இழுக்கறேன்னு தூர தள்ளிட்டா?"

"மூணு முடிச்சு கீதே! ஒண்ணு போனா இன்னொண்ணு."

"சிரிக்காதீங்கண்ணா. மறுபடியும் கட்டுங்கன்னா சொல்ல முடியும்?"

மறுநாள் அவர் ஜூமைத் தொடவே இல்லை. தாலி கட்டும்போது மேடையேறி, மாப்பிள்ளையை ஒட்டி நின்றுகொண்டார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.