உயிருடன் உள்ளவராகக் கொள்ளப்படுவார்

எங்கள் குடும்பத்தில் யாருடைய பிறந்தநாளையும் நான் மறந்ததில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிற சித்தப்பா மகன் முதல், கல்யாணமாகி எத்தனை வருடம் என்று மனைவியிடம் மாட்டிக்கொண்ட பெரியப்பா மகன் வரை எல்லாரும் எனக்குத்தான் போன் செய்வார்கள். பதிப்பகம் ஒன்றில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறேன். ஒரு புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் ஒரு வருடத்தில் பிறந்தவர் நூற்றுப்பத்தாம் பக்கத்தில் வேறொரு வருடத்தில் பிறந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. வம்சாவளி மென்பொருள் ஒன்றை வாங்கி எங்கள் ஆட்கள் இருநூற்றுப் பதினான்கு பேரையும் அதில் ஏற்றிவைத்தது அந்தப் புத்தியால்தான்.

என் தம்பி மகளின் மரணம் பற்றி விசாரணைக்காக எழுதித்தரச் சொல்லியிருக்கிறீர்கள். பதினேழு வயது. நீச்சல் பயிற்சியின்போது குளத்திலேயே இதயம் நின்றது. பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறு. அவளுக்குத் தகுதிச் சான்று கொடுத்த மருத்துவமனைக்குக் குடும்பக் கோப்பை அனுப்பியவள் நான். கோப்பில் தவறு எப்படி வந்தது என்பது உங்கள் கேள்வி. சொல்கிறேன். அதற்கு முன், தேதிகளை அந்த மென்பொருள் எப்படிப் படிக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேதி விஷயத்தில் அது ஒரு கறாரான குமாஸ்தா. நாள், மாதம், வருடம் மூன்றும் இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். வருடம் மட்டும்தான் தெரியும் என்றால் ‘சுமார்’ என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தங்கை ‘பெருவெள்ளத்துக்கு மறுவருஷம்’ பிறந்தவர். அப்படியே தட்டினேன். மறுக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் ஓரமாக உட்காரவைத்துவிட்டு, எந்தக் கணக்கிலும் அவரைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. பழைய கோப்பு ஒன்றை உள்ளே இழுத்தபோது நாளை மாதமாகவும் மாதத்தை நாளாகவும் படித்து, மார்ச் நான்காம் தேதி பிறந்த என் தம்பியை ஏப்ரல் மூன்றுக்குத் தள்ளியது.

“அக்கா, ஒரு மாசம் இளமையாயிட்டேன். இன்னும் நாலு தடவை உள்ள இழுத்துப் பாரேன், முடிகூட முளைச்சிடும்” என்று வழுக்கையைத் தடவிக்கொண்டான். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டுகிறவன். எதையும் நேராகப் பார்க்கத் தெரியாதவன் போலப் பேசுவான்.

இறப்புத் தேதி இல்லாதவரை அந்த மென்பொருள் என்ன செய்யும் என்பதுதான் நமக்கு முக்கியம். பிறந்து நூற்றுப்பத்து வருடம் ஆகாத ஒருவருக்கு இறப்புத் தேதி இல்லையென்றால், அவர் உயிருடன் உள்ளவராகக் கொள்ளப்படுவார். வெளியாருக்கு அனுப்பும்போது உயிருடன் உள்ளவர்களின் விவரங்களை மறைப்பதற்கு ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் பெயர், பிறந்த தேதி, குறிப்புகள் எல்லாம் உதிர்ந்துபோய், ‘உயிருடன்’ என்ற ஒரு சொல் மட்டும் எழுதிய பெட்டியாக அவர் போய்ச்சேருவார்.

எங்கள் அப்பா முப்பத்தெட்டு வயதில் அலுவலக மாடிப்படியில் விழுந்து இறந்தார். எனக்கு அப்போது ஒன்பது, தம்பிக்கு இரண்டு. மாரடைப்பு என்றார்கள். என் மகன் பத்தொன்பது வயதில், எட்டு வருடத்துக்கு முன்பு, மேட்டுச் சாலையில் சைக்கிளை மிதித்து ஏறும்போது விழுந்து இறந்தான். மழை பெய்திருந்தது, சக்கரம் சறுக்கிவிட்டது என்றுதான் எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கும் அப்படித்தான் தெரியும்.

ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, தம்பி மகள் ஈரத்தலையோடு வந்து என் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் அவளை மீன்குட்டி என்போம். பெரிய அணியில் எடுத்திருந்தார்கள். சேருவதற்கு இதய மருத்துவமனையின் சான்று வேண்டும், அதற்குக் குடும்பக் கோப்பு வேண்டும்.

“அத்தை, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற செத்தவங்க எல்லாரையும் அனுப்பணுமாம்.”

“எல்லாரையுமா?”

“ஆமா. ஆனா வயசாகி ஒழுங்கா செத்தவங்களா பார்த்து அனுப்புங்க. ஏதாவது சொதப்பி என்னைக் கரையில உட்காரவெச்சிட்டீங்க, அப்புறம் உங்க வீட்டுப் பக்கமே வர மாட்டேன்.”

“வாயைக் கழுவு முதல்ல.”

சிரித்தாள். மேசையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்று, தோலை என் விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மருத்துவமனையின் கடிதம் இரண்டு பக்கம். யாரும் படிக்காத கடிதங்களைப் படித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன், அதையும் வரி விடாமல் படித்தேன். நெருங்கிய உறவில் நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் ஒருவர் இருந்தால் அவர்களுடைய கணினி மஞ்சள் காட்டும். அதற்கு இதய வரைபடம் போதும். இருவர் இருந்தால் சிவப்பு. அதற்கு மரபணுச் சோதனை, முடிவு வரும்வரை குளத்தில் இறங்கக் கூடாது. தேதியில்லாதவர்களை அந்தக் கணினி கணக்கில் எடுக்காது. எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.

மீன்குட்டிக்கு மஞ்சள் வந்தது. அவளுடைய தாத்தாவுக்காக. வரைபடம் எடுத்தார்கள், எல்லைக்கோட்டில் இருந்தது. இந்தக் கோளாறு எல்லா நாளும் வரைபடத்தில் முகம் காட்டாது என்று பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். குடும்ப வரலாற்றில் வேறு ஒன்றும் இல்லை என்பதால் மருத்துவர் கையெழுத்துப் போட்டார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவருடைய வேலை போய்விடக் கூடாது என்பதும் நான் இதை எழுத ஒரு காரணம்.

முதல் நாள் விசாரணையில் நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். “எட்டு வருஷமாச்சு சார், என் பையன் செத்த தேதியை என் கையால அடிக்க முடியல” என்றேன். நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தீர்கள். ஒரு தாய் எந்தத் தேதியை எழுதாமல் விடுவாள் என்று சட்டம் கேட்க முடியாது என்ற மாதிரி இருந்தது உங்கள் முகம். நல்ல மனிதர் நீங்கள். உங்களை ஏமாற்றியது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

நேற்று ஒரு தாளை மேசையில் விரித்தீர்கள். என் கணினியிலிருந்து எடுத்தது. வாராவாரம் தானாகவே ஒரு நகல் சேமிக்கும்படி அந்த மென்பொருளை நான்தான் அமைத்திருந்தேன், இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவரும் தொலைந்துவிடக் கூடாது என்று. மீன்குட்டி என் வீட்டுக்கு வந்த வாரத்து நகலில் என் மகனுக்கு இறப்புத் தேதி இருக்கிறது. அடுத்த வாரத்து நகலில் இல்லை.

“அம்மா, நடுவுல என்ன ஆச்சுன்னு நீங்களே எழுதிக் குடுங்க. அவசரமில்ல” என்றீர்கள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருந்தது.

என் மகன் இறந்த பதினேழாம் நாளே நான் தேதியை ஏற்றிவிட்டேன். நாள், மாதம், வருடம், நேரம்கூட. கை நடுங்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததும் அதையும் குறிப்பில் சேர்த்தேன். விழுந்ததால் இதயம் நிற்கவில்லை, இதயம் நின்றதால்தான் விழுந்தான் என்றது அறிக்கை. பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், நெருங்கிய உறவினர்களுக்குத் தெரிவித்துப் பரிசோதிக்கவும் என்றது கடைசி வரி. அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவள் நான். என் கணவர் பிரிந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வேறு யாருக்கும் அது போகவில்லை. மடித்து அகராதிக்குள் வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அவன் அதற்கு முன்பு இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தான். ஒருமுறை பேருந்தைப் பிடிக்க ஓடியபோது. அடுத்த முறை பந்தாடும்போது, தம்பி கண்ணெதிரில். தம்பிதான் தூக்கிவந்து கட்டிலில் போட்டான்.

“ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுக்கா. அப்பாவும் இப்படித்தானே.”

“காலையில சாப்பிடாம போனா விழாம என்ன செய்வான்? அடுத்த வாரம் பரீட்சை, அதான் நாடகம்.”

“நாடகத்துக்கு இவ்வளவு வேர்க்குமா?”

“நீ கண்ணாடி கடையைப் பாரு. என் புள்ளைய நான் பாத்துக்கறேன்.”

கட்டிலில் கிடந்த என் மகன் கண்ணைத் திறக்காமலே, “விடுங்க மாமா, அம்மா என்னை எழுப்பி உட்காரவெச்சு பிழை திருத்திடுவாங்க” என்றான். மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு பதினொரு வாரம் இருந்தான்.

அந்த அறிக்கையை நான் தம்பியிடம் காட்டியிருந்தால் அவன் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டான். அவன் சுபாவம் அப்படி. நான் சொன்னேனே என்று வாயால் கேட்கிறவனாக இருந்தால் காட்டியிருப்பேன். ஆயுசு முழுக்க அவன் கேட்காமல் இருப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. சறுக்கிய சக்கரத்தின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. அதை அப்படியே விட்டேன்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகனுடைய பெட்டியைத் திறந்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, அழித்தேன். சாம்பல் நிறத்தில் இருந்த பெட்டி உடனே பச்சையானது. வயது என்ற இடத்தில் இருபத்தாறு என்று வந்தது. அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறில் அவன் தாடி வைத்திருப்பான் என்று நினைத்தேன். பிறகு உயிருடன் உள்ளவர்களை மறைக்கும் கட்டத்தில் குறியிட்டு, கோப்பை மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டு நிமிட வேலை. அனுப்பிவிட்டுத் துணி துவைத்தேன்.

யோசிக்காமல் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். பெற்றவருக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, தம்பிக்கே இல்லாமலும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். வரைபடம் எப்படியும் எடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். குழந்தை ஆசைப்படுகிறாள், கரையில் உட்காரவைத்தால் மனம் உடைந்துபோவாள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஆனால் சிவப்பு வந்தால் என்ன கேட்பார்கள் என்பதையும் நான் அறிந்திருந்தேன். இரண்டாவது ஆள் யார் என்று கேட்பார்கள். தம்பியிடம் கேட்பார்கள்.

தினம் ஒரு மாத்திரை போட்டு, தண்ணீரில் இறங்காமல் இருந்திருந்தால் அவள் அறுபது வயது வரை இருந்திருப்பாள் என்று உங்கள் அறிக்கையில் படித்தேன். தெரிந்தே செய்தேன். அவள் சாகலாம் என்று தெரிந்து, என் மகன் எதனால் செத்தான் என்று என் தம்பிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகச் செய்தேன். இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மீன்குட்டி போனபின் தம்பியும் அவன் மனைவியும் ஒரே அறையில் இருக்க முடியவில்லை. அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி கடையை அடைத்துவிட்டு தினமும் சாயந்திரம் இங்கே வருகிறான். போன வாரம் குடும்ப மரத்தைக் காட்டச் சொன்னான். அப்பா, நான், அவன் என்று கீழே இறங்கி, என் மகனுடைய பச்சைப் பெட்டியில் வந்து நின்றான். இருபத்தேழு என்று இருந்தது.

“நீ இன்னும் போடவே இல்லையாக்கா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“எட்டு வருஷமா இதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க. எனக்குப் புரியலக்கா அப்ப. காரியம் முடிஞ்சதும் கடையைப் பார்க்கப் போயிட்டேன். மன்னிச்சிடு.”

“பரவாயில்லடா” என்றேன்.

“பாப்பாவுக்கும் போட வேணாம். இப்படியே இருக்கட்டும். வருஷா வருஷம் வயசு ஏறட்டும்.”

போடவில்லை. கோப்பில் அவளுக்குப் பதினேழு நடக்கிறது. அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். சின்ன வயதில் அப்பாவைத் தேடி அழும்போது அப்படித்தான் சாய்வான். தலையைத் தடவிக்கொடுத்தேன். போகும்போது, உன்னைத் தவிர இது யாருக்கும் புரியாது என்றான்.

இந்தத் தாளை அவனிடம் காட்டுவது உங்கள் கடமை என்று சொன்னீர்கள். நான் தடுக்கவில்லை. எனக்கு என்ன தண்டனை வந்தாலும் சரி. கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள் என்றுதான் கேட்கிறேன், அதுவும் எனக்காக இல்லை. இதைப் படித்தால் அவன் நொறுங்கிப்போவான். அந்த நேரத்தில் அவனைத் தாங்கிப்பிடிக்க என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?