குப்பைப் பெட்டியில் கிடந்த ஐந்து செய்திகள்

கடிகாரத்தைக் கண்ணால் காட்டியபடியே கனிவோடு வீற்றிருக்கும் தலைவர் அனந்தநாராயணன் அவர்களே! மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மழையை மதிக்காமல் வந்திருக்கும் பெரியோர்களே! நாற்காலி போதாமல் பாயில் அமர்ந்தும் முகம் சுளிக்காத தாய்மார்களே! செல்பேசிக்குள்ளேயே குடியிருக்கும் தாராவியின் தம்பி தங்கைகளே! சங்கச் செயலாளர் பேச்சிராஜாவின் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, சமூக வலைத்தளமும் சங்கமும். நம் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு நாளொன்றுக்கு எத்தனை செய்திகள் வருகின்றன தெரியுமா? நாற்பது! கடன் வேண்டுமா என்று ஒருவன். பரிசாகக் கார் விழுந்திருக்கிறது என்று ஒருவன். உங்கள் பக்கம் நாளைக்கே முடக்கப்படும், இந்த லிங்க்கைத் தொடுங்கள் என்று ஒருவன். 'ஹலோ டியர்' என்று ஒருத்தி. சிரிக்காதீர்கள், பின்வரிசைக்காரர்களே! உங்களுக்கும் அதே ஒருத்திதான் அனுப்பியிருக்கிறாள்.

இந்தக் குப்பையைக் கூட்ட நான் ஒரு சட்டம் போட்டேன். தமிழ்ச் சங்கத்துக்குத் தமிழில் எழுது. இந்தி எழுத்தில் வந்தால் படிக்கமாட்டேன், நேரே ஸ்பேம் பெட்டி! எனக்கு இந்தி படிக்கத் தெரியாதா? முப்பது வருஷமாக ரயில்நிலையப் பலகை படிக்கிறேனே! தெரியும். ஆனாலும் படிக்கவில்லை. அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்தேன். போன வருஷம் இதே மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். தட்டியது நீங்கள்தான்.

இந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோல் பட்டறையில் நாற்பது வருஷம் உழைத்த நம் பூலோகம் அண்ணாச்சி, டீ குடிக்கப் போனவர் வீடு திரும்பவில்லை. கொஞ்ச காலமாகவே அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தோம். சங்கப் பக்கத்தில் படம் போட்டோம். போன் நம்பர் போட்டால் மோசடிக்காரர்கள் மொய்ப்பார்களே என்று, 'கண்டவர்கள் இந்தப் பக்கத்துக்கே செய்தி அனுப்புங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டவனும் நானே!

அவர் மனைவி கோமதியம்மாள் தினமும் சங்க வாசலுக்கு வருவார்.

“தம்பி, தாக்கல் ஏதும் உண்டுமா?”

“ஒண்ணும் வரலை மதினி.”

புதன் வந்தார். வியாழன் வந்தார். வெள்ளிக்கிழமை வந்தவர் கேட்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் போனதும் நம் துணைச் செயலாளர் பானுமதி கேட்டார், “அண்ணே, ஸ்பேம்ல பாத்தீங்களா?”

“அதுல என்னம்மா இருக்கும்? பூரா இந்தி.”

போனை வாங்கித் திறந்தார். படித்தார்.

ஒரே பெண்ணிடமிருந்து ஐந்து செய்திகள்! பெயர் பரீஹா. அம்பர்நாத்தில் ஒரு பாக்கிங் கம்பெனியில் வேலை. இங்கேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்த நம் பிள்ளை. தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. எழுத்துதான் இந்தி, அன்பர்களே! உள்ளே இருந்தது அத்தனையும் நம் தமிழ்! பானுமதி உரக்கப் படித்தார்.

“அண்ணே, நீங்க போட்ட போட்டோல உள்ள தாத்தா எங்க கம்பெனி கேட் பக்கத்துல உக்காந்திருக்காங்க. பேரு கேட்டா கோமதி, கோமதின்னே சொல்றாங்க.”

அது புதன்கிழமை வந்த செய்தி. புதன்கிழமை! அடுத்தது, “எங்க வீட்ல வச்சிருக்கோம், ஜல்தி வாங்க.” அடுத்தது, “ஏன்ணே பதில் போட மாட்டேங்கறீங்க?” நான்காவது, “நீங்க வாறீங்களா, நாங்க போலீஸ்ட்ட போகவா?” ஐந்தாவது, வெள்ளி காலையில், “நாங்க வேலைக்குப் போன நேரம் தாத்தா கிளம்பிட்டாங்க. தேடிக்கிட்டிருக்கோம்.”

சயானில் ரயில் ஏறி இருபது பேர் அம்பர்நாத்துக்கு ஓடினோம். மாலை ஐந்து மணிக்கு, ரயில்நிலையத்துக்குப் பின்னால், வெறுங்காலோடு, காய்ச்சலோடு அவரைக் கண்டோம். அவருக்கும் தண்டவாளத்துக்கும் பத்தடி தூரம்.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் இறங்கியதும், கோமதி மதினி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “அந்தப் புள்ள அஞ்சு தடவ கூப்பிட்டிருக்கு தம்பி.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மோசடி இல்லையா? இருக்கிறது! ஓடிபி கேட்பவனுக்குப் பதில் சொல்லாதே! தெரியாத லிங்க்கைத் தொடாதே! ஆனால் படிக்காமல் தள்ளாதே! எழுத்தைப் பார்த்து ஆளைத் தள்ளாதே! இனி நம் பக்கத்தை இரண்டு பேர் பார்ப்பார்கள். தினமும் மாலையில் ஸ்பேம் பெட்டி திறக்கப்படும். எந்த எழுத்தில் வந்தாலும் படிக்கப்படும். என்ன கேட்டீர்கள் ஐயா? மராத்தியா? மராத்தியும்தான்!

பரீஹா இன்று வந்திருக்கிறார். கோமதி மதினி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா பரீஹா, உன் செய்திகளுக்குச் சங்கம் பதிலே போடவில்லை. எழுத எடுத்த போதெல்லாம் வெட்கத்தில் கை ஓடவில்லை. நேற்றுத்தான் போட்டேன், நீ படிக்கும் எழுத்தில், தப்பும் தவறுமாக. ஊரே கேட்கட்டும், வாசிக்கிறேன்:

“பாத்துட்டேன்மா. பிந்திப் பாத்தேன். மன்னிச்சிரு.”

கேட்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.