நான் அச்சடித்த விபத்து

கேள்வித்தாள் என்றாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கணக்குத் தணிக்கையாளர்களின் மனப்பாங்கைப் பற்றி மற்றவர்கள் செய்யும் ஆய்வுகளைப் படித்து, முறை சரியா, நெறி சரியா என்று தரம் சொல்வதுதான் பல்கலைக்கழகத்தில் என் வேலை. ஆகவே விட்ட கொட்டாவிகள் கொஞ்சநஞ்சமல்ல. 'நீங்கள் நேர்மையானவரா?' என்று கேட்பார்கள். தணிக்கையாளர் 'முற்றிலும் ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடிப்பார். அதற்கு ஒரு வரைபடம், ஒரு முனைவர் பட்டம், கைதட்டல்.

உருப்படியாக ஒன்று செய்து காட்டலாம் என்று நானே இறங்கினேன்.

என் ஆய்வுக்குப் பேட்டி கொடுக்க வந்த பெண் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்தவள். பெயர் வெளியே போகாது என்று நான் சொன்னதை நம்பி, முதல் பேட்டியிலேயே மனதில் கிடந்ததைக் கொட்டினாள்.

"ஒரு பஸ் கம்பெனி கணக்கு சார். எல்லா வண்டிக்கும் பிரேக் மாத்துனதா எழுதியிருந்தாங்க. ஷெட்டுக்குப் போய்ப் பார்க்கணும்னேன். 'இதுக்கெல்லாமா போவாங்க, கையெழுத்தைப் போடும்மா'ன்னார் எங்க மேனேஜர். போட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். செய்த தப்பால் ஓர் உயிர் போனது என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு என்னவாகும்? இதை எந்த மேதாவியாவது அளந்திருக்கிறானா?

இரண்டாம் பேட்டியில் ஒரு செய்தித் துணுக்கை அவள் முன் வைத்தேன். அதே கம்பெனியின் பேருந்து, மலைப்பாதை, பிடிக்காத பிரேக், இரண்டு குழந்தைகள். துணுக்கைத் தயாரித்தவன் நான்தான். அசலைப் போலவே இருந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக் குழுவிடம் வெறும் பேட்டி என்றுதான் சொல்லியிருந்தேன். உள்ளதைச் சொன்னால் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் குழுவில் உட்கார்ந்து எத்தனை பேரை நானே மடக்கியிருக்கிறேன்.

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்களைப் போன்ற விசாரணைக் குழு என்றால் அப்படித்தான் கேட்கும். தெர்மாமீட்டரை வாயில் வைத்த கையோடு உருவினால் என்ன தெரியும்? மூன்றாம் பேட்டியில் எல்லாவற்றையும் சொல்வதாகத்தான் இருந்தேன்.

இடையில் அவள் போன் செய்தாள்.

"சார், அந்தப் புள்ளைங்க பேரு தெரியுமா?"

"எதுக்கும்மா?"

"சும்மா சார். தூக்கமே வரல. பேராவது தெரிஞ்சா..."

சற்று யோசித்து இரண்டு பெயர்கள் சொன்னேன், ஒன்று ஆண், ஒன்று பெண். "ரொம்ப நன்றி சார்" என்றாள். குற்றவுணர்வு மிக அதிகம் என்று குறித்துக்கொண்டேன். எந்தக் கேள்வித்தாளாலும் இப்படி ஒரு பதிலை வாங்க முடியாது.

மூன்றாம் பேட்டிக்கு அவளுடைய அண்ணன்தான் வந்தார். தங்கை உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று நின்றபடியே சொன்னார்.

"ரெண்டு புள்ளைங்க பேரைச் சொல்லிச் சொல்லி அழுதா சார். எங்க சொந்தத்துல அப்படி யாருமே இல்ல. யாரு சார் அவங்க?"

உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். பேருந்து எதுவும் கவிழவில்லை. பெயர்கள் என் கற்பனை. துணுக்கு என் கைவேலை. அவளுடைய சாவுக்கு நான்தான் காரணம் என்று விசாரணைக் குழுவினரான நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆய்வு முறையை மட்டும் குறை சொல்லாதீர்கள். அதற்கு உங்களுக்குத் தகுதி போதாது.

அந்த அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். குழந்தைகள் யாரும் சாகவில்லை என்று தெரிந்த நிம்மதியில்தான் அழுதிருப்பார்.