சாரல் நாளில் நான் வெளியே சென்றது குறித்து

என் பெயர் தில்லைநாயகம், வயது 73, தகப்பனார் பெயர் கோமதிசங்கர். தென்காசி அருகே மேலகரத்தில் குடியிருக்கிறேன். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். வீட்டில் மருமகள் உமா மகேஸ்வரியும் நானும் மட்டும்.

எனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். ஜூன் 3 அன்று புளியறை தாண்டி, கேரளத்தில் ஒரு மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் இறக்கிக் கட்டியின்மேல் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினார்கள். வெளிச்சம் படும்வரை அம்மருந்து சும்மா இருக்கும், பட்டதும் தான் தங்கியிருக்கும் செல்லைக் கொல்லும் என்று மருத்துவர் விளக்கினார். கட்டியில் அதிகமாகவும் தோலில் கொஞ்சமாகவும் தங்குமாம். ஆகையால் ஆறு வாரம் பகலில் வெளியே போகக்கூடாது, வீட்டுக்குள் மங்கிய விளக்கு போதும் என்றார். ஜன்னல்களில் மருமகள் போர்வை கட்டினாள்.

அதன் பிறகு 16ஆம் தேதி சாரல் விழுந்தது. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுவதாகத் தெருவில் பேசிப் போனார்கள். வேலைக்குப் புறப்படும்போது மருமகள், "மேகம் மூடியிருக்குன்னு வெளிய போயிராதீங்க மாமா" என்று சொல்லியிருந்தாள். சூரியனே தெரியாத நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்து, குடையில்லாமல் குற்றாலம் சாலையில் அரை மணி நேரம் நடந்தேன். சரியாகச் சொன்னால் முப்பத்தைந்து நிமிடம். சாயங்காலம் முகமும் கைகளும் சிவந்து கொப்பளித்தன. மறுபடி சாரல் விழுந்தால் போகமாட்டேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆகவே வெளியே பூட்டிச் செல்லும்படி நான்தான் சொன்னேன். "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க மாமா?" என்று அழுதாள். நான் வற்புறுத்தினேன்.

அதன் பிறகு 18ஆம் தேதி பகல் 11 மணிக்கு அடுத்த வீட்டு சுகிர்தம் ஜன்னல் போர்வையை விலக்கிப் பார்த்து, "அண்ணாச்சி, இது வெந்நி ஊத்தின காயம்லா! மருமவ வேலைதான? பூட்டிட்டு வேற போயிருக்கா" என்றார். முப்பது வருடம் ஒளிப் பாடம் நடத்தியவன் மேகத்தை நம்பி ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

அதன் பிறகு இன்று காலை மருமகளை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை என்று அறிகிறேன். வெளிச்சம் படக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். அவள் என்னைத் துன்புறுத்தவில்லை. நேற்றே நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

ஆறு வாரத்தில் இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி இருக்கிறது. வெளியே தூறுகிறது. மருமகளை அனுப்பிவைத்து, பூட்டின் சாவியை அவள் கையிலேயே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாக்குமூலத்தைத் தலைமைக் காவலர் வாசலில் நின்று வாசித்ததை உள்ளே இருந்து கேட்டேன். யார் தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தில்லைநாயகம்