பிரிக்காத தையல்

அடுத்தவர் துக்கத்தை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஆண்டவரிடம் ஜெபித்துவிட்டு இன்று எழுதுகிறேன்.

வாடிப்பட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு டெய்லரும், காலமாகிவிட்ட அவர் மனைவியின் தம்பியும் இருந்தார்கள். செல்லூரில் இருந்த தையல் கடையை அன்றுதான் காலி செய்திருந்தார்கள். மெஷின் டிரைவர் பக்கத்தில் கிடந்தது.

“என் கை தப்பே பண்ணாது மாப்ள. ஜாக்கெட் அளவு சரியில்லன்னு வந்தா, டேப்பை வச்சு அளந்தே காட்டிருவேன்.”

“அதான் மச்சான், ஒருத்தரும் திரும்பி வரல.”

“ஒங்க அக்கா இருக்கையில வந்தாகளே?”

“அக்கா அளந்தா காட்டுச்சு? ‘எங்க தப்புதான் மதினி, நாளைக்கு வாங்க’ன்னு வாங்கி வைக்கும். ஒரு நூலும் பிரிக்காது. அயர்ன் பண்ணி அப்படியே குடுக்கும். அவுகளும் போட்டுப் பாத்துட்டு, ‘இப்பத்தான் கச்சிதம்’னு போவாக.”

“எனக்குத் தெரியாமலா?”

“தெரிஞ்சா நீங்க சண்டைக்கு வந்துருவீகளே!” என்று தம்பி சிரித்தார்.

டெய்லர் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“நான் சரியாத் தச்ச துணிக்கா மாப்ள அவ மன்னிப்புக் கேட்டா?”

“ஆமா மச்சான்.”

“எம்புட்டு நாளா?”

“கடை தெறந்ததுலேருந்து.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இதை யாருக்காவது சொன்னால், அவர்கள் பேசியதை மட்டும் அப்படியே சொல்லுங்கள். புத்திமதி எதுவும் சேர்க்க வேண்டாம்.