பொட்டுக்குக் கீழே இருந்த எண்

இந்த ஸ்டேஷனில் பேப்பர் நன்றாக இருக்கிறது. எங்கள் ஜெராக்ஸ் கடையில் வாங்குகிற பேப்பரில் பேனாவை வைத்தால் மை ஊறிப் பரவும். தென்காசியில் அந்தக் கடையில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக ஊராருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறேன். எனக்கென்று ஒன்று எழுதுவது இதுதான் முதல் தடவை. ஏட்டையா தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அவர் எழுதிய முதல் வரியிலேயே 'எதிர்பாராத விதமாக' என்று இருந்தது. அது சரியில்லை. அதனால் சங்கரேஸ்வரியாகிய நானே எழுதிக்கொள்கிறேன்.

எஸ்.ஐ. ஆனந்தவள்ளி அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மேலகரத்திலிருந்து வந்த எங்கள் வெள்ளைக் கார், குற்றாலம் பஜாரில் முகம்மது சலீம் பாயின் பழக்கடைக்குள் போய்விட்டது. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ரம்புட்டான்தான் ரோடு முழுக்க உருண்டது. தலையில் எண்ணெயோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் துண்டை விரித்துப் பொறுக்கினார்கள். என் கணவர் மாரிச்செல்வம், தான்தான் ஓட்டியதாகச் சொல்லி, லாரி ஓட்டுகிற லைசென்ஸை எடுத்து அம்மாவின் மேஜைமேல் வைத்தார்.

"இது இனிமே எனக்கு வேண்டாம்மா. கையி போயிட்டு" என்றார்.

அவருக்குக் கை போகவில்லை. நான்தான் போகவைத்தேன். அந்த லைசென்ஸ் அவர் சட்டைப்பைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் இருபத்திரண்டு வருஷமாக லாரி டிரைவர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, புளியரை தாண்டி, ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறிப் புனலூரில் இறக்குவார். இத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. நல்ல மனுஷன், குடி கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் பழைய கார் ஒன்று வாங்கினோம். அதற்கு முன்பே நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து படித்து, ஒரே தடவையில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியிருந்தேன். ஆனால் சாவியை மட்டும் அவர் தரவே இல்லை. ரோடு சரியில்லை என்பார். சீசன் கூட்டம் என்பார். இன்றைக்கு அஷ்டமி என்பார். ஒரே ஒரு முறை, இலஞ்சி வரைக்கும் ஓட்டச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து கால் மிதியடியையே கிழித்துவிட்டார். இலஞ்சியில் இறங்கி இடம் மாறிக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் அவருடைய அக்கா உலகம்மாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "இவ ஓட்டுனா வண்டி நேரா தர்மாஸ்பத்திரிக்குத்தான் போவும்." எல்லோரும் சிரித்தார்கள். மதினிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். அது ஜனவரி இருபத்தாறு. தேதி நினைவிருப்பதற்குக் காரணம், அன்று குடியரசு தினம், கடை லீவு. வேறொன்றும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் பட்டாளத்தில் இருக்கிற என் தம்பி மணிகண்டபிரபு லீவில் வந்தான். போகும்போது தன் பழைய லேப்டாப்பையும் ஒரு கேம்பேடையும் எங்கள் வீட்டில் விட்டுப்போனான். இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலால் குமிழை ஆட்டி விளையாடுகிற சாமான் அது. லேப்டாப்பில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. டிவியில் மாட்டினால் ஜெர்மனி ரோடு கண்ணாடி மாதிரி தெரியும். ராத்திரி முழுக்க லாரி ஓட்டிவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலும் லாரியா என்று முதலில் கேலி செய்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

ஆனால் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. இருபது டன் ஏற்றிய வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் திரும்பினால் எந்த டிரைவருக்குப் பொறுக்கும்? நிஜ வண்டி போல ஆக்கித் தரச் சொன்னார். செட்டிங் எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் அந்த வேலை என்னிடம் வந்தது. கட்சிக்காரர் மனுவுக்கு விவரம் சொல்வதுபோல் அவர் சொல்லச் சொல்ல, நான் மாற்றினேன். ஸ்டியரிங் வேகத்தைக் குறைத்தேன். கியரை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்தேன். கேம்பேடின் இடது தோளில் இருக்கிற பட்டனில் கிளட்ச். கீழே இருக்கிற விசையில் பிரேக்; அதுவும் அமுக்கின உடனே பிடிக்காமல், காற்று நிரம்பிப் பிடிப்பதுபோல் கொஞ்சம் தாமதமாக. மூன்று வாரம் ஆயிற்று. வண்டி விஷயத்தில் என் பேச்சை அவர் காதில் வாங்கியது அந்த மூன்று வாரம்தான். சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முடிந்ததும் முதல் லோடுக்கு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்துக் குதிகாலால் நசுக்கினார். பிறகு ஜெர்மனியில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

ஒரே ஒரு வரிதான் பாக்கி இருந்தது. அதற்குப் பெயர் டெட் சோன். குமிழை எவ்வளவு தூரம் அசைத்த பிறகு சக்கரம் அதைக் கவனிக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அதற்குள் என்ன ஆட்டினாலும் வண்டிக்குத் தெரியாது. நான் பெயரை வாசித்த உடனே அவர் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"டிரைவர் வீட்ல அந்த வார்த்தைய வாசிக்கப்பிடாதுட்டி. அதத் தொடாத. பாக்கவும் செய்யாத" என்றார்.

அதோடு விடவில்லை. என் ஸ்டிக்கர் பொட்டில் பெரிதாக ஒன்றை எடுத்து, டிவியில் அந்த வரியும் எண்ணும் மறைகிற மாதிரி ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். அப்புறம் எந்த நாட்டில் ஓட்டினாலும் வானத்தில் வலது பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு நின்றது. லேப்டாப்பில் பொட்டு இல்லை. அந்தப் பக்கம் அவர் திரும்புவதே இல்லை.

ஏப்ரலில் பண்பொழியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அவருக்கு லோடு இருந்தது. நானே காரை எடுத்துப் போகிறேன் என்றேன். "பஸ்ஸு என்னத்துக்கு விட்டிருக்கான்?" என்று கேட்டுவிட்டுச் சாவியை அரைஞாணில் கோர்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன் லேப்டாப்பைத் திறந்து, பொட்டுக்குக் கீழே இருந்த அந்த எண்ணை ஒன்று கூட்டினேன்.

ஒன்றில் ஒன்றும் தெரியாது. அதனால் மறுநாள் இன்னும் ஒன்று. அவசரப்படவில்லை. குழம்புக்கு உப்பை ஒரேயடியாகக் கொட்டினால் நாக்குக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். அவர் காலை பத்து மணிக்கு லோடு இறக்கி வந்து, குளித்துச் சாப்பிட்டு, கேம்பேடை எடுக்கும்போது நான் கடையில் யாருக்காவது பட்டா மாறுதல் மனு அடித்துக்கொண்டிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள், ஸ்டியரிங்கில் ப்ளே இருக்கிறது என்றார். அதாவது, திருப்பினால் உடனே பிடிக்காமல் ஆடுகிறதாம். விளையாட்டிலேயே ஒர்க்‌ஷாப் உண்டு. வண்டியை அங்கே விட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பச்சை எழுத்தில் வந்தது. மறுபடி விட்டார். மூன்றாம் முறை விட்டுவிட்டு, பச்சை எழுத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒரே ஒரு கணக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: வண்டியில் பழுது இல்லையென்றால் பழுது டிரைவரிடம். செட்டிங்கில் பழுது என்று மூன்றாவது ஒன்று இருப்பது அவர்கள் காலத்தில் கிடையாது. அன்றிலிருந்து அவர் தன் கைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், கண் டாக்டர் மூன்று பேரும் ஒன்றுமில்லை என்றார்கள். அவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். குற்றாலத்தில் பதினான்கு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். பண்பொழி மலையில் ஏறி, குமாரசாமி கோயிலில் சாமி காலடியில் கேம்பேடை வைத்து வாங்கி வந்தார். சந்தனம் உள்ளே போய்க் குமிழ் ஒட்டிக்கொண்டது. அதற்கு நான் பொறுப்பல்ல.

எனக்கு மனசு கேட்காமல் ஒருநாள் இரண்டு எண் குறைத்தேன். அன்று கடைக்கே வந்து நின்றார், பச்சைப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு. "கையி திரும்பிட்டுட்டி. நாளைக்குச் செங்கோட்டைக்கு நானே ஒன்னக் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார். மறுநாள் நான்கு கூட்டினேன்.

ஜூனில் நிஜ லாரியும் மெதுவாயிற்று. மலைப்பாதையில் அவருக்குப் பின்னால் முப்பது வண்டி நிற்பதாகக் கேள்விப்பட்டேன். பிறகு முதலாளியிடம் போய், மலை வேண்டாம், சமவெளியில் மட்டும் ஓட்டுகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். அன்று சாப்பிடாமல் படுத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. காலையில் சொல்லிவிடுவது என்று உறுதியாக முடிவு செய்தேன்.

ஆனால் காலையில் அவர் அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார். "சங்கரி, காரு நீயே ஓட்டு" என்றார். அந்த நேரத்தில் போய்ச் சொன்னால் அவர் மனசு புண்படும் அல்லவா. சீசன் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன்.

இன்று நான்தான் ஓட்டினேன். அவர் இடது பக்கம் கைகளை மடியில் போட்டுக்கொண்டு வந்தார். கிளட்சை விடு என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. காலும் அசையவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் போனதில்லை. பஜார் வளைவில் சாரல் அடித்தது. நான் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. இன்னும் திருப்பினேன். அப்புறம் மொத்தமாகத் திரும்பியது.

கூட்டம் கூடுவதற்குள் அவர் என்னை இடது பக்கம் இழுத்து, தான் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நீ இப்பத்தான் ஓட்ட ஆரம்பிச்சிருக்க. கேஸுன்னு வந்தா பயந்துருவ, அப்புறம் தொடவே மாட்ட. எனக்கு எப்படியும் கையி போயிட்டுல்லா" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் இங்கே வந்து பேப்பர் கேட்டேன். அவர் பெரிய மனுஷன். அந்த அளவுக்கு நான் இல்லை. ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: காரை ஓட்டியது நான். ஏப்ரல் முதல் என் கணவரின் கையில் இல்லாத கோளாறை, நல்ல புத்தியோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நாளுக்கொன்றாக உண்டாக்கியதும் நான். சந்தேகம் இருந்தால் எங்கள் வீட்டு லேப்டாப்பைத் திறந்து பார்க்கலாம். எண் ஐம்பத்திரண்டில் நிற்கிறது.

விபத்தைப் பொறுத்தவரை, சலீம் பாய் கூடையை ரோட்டு ஓரத்தில் வைத்திருந்தார் என்பதையும், சாரல் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கிலும் கொஞ்சம் ப்ளே இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை என்று உங்கள் மெக்கானிக் சொன்னாராம். அவர் இன்னொரு தரம் பார்க்கட்டும்.

எனவே சமூகம் அவர்கள் கருணைகூர்ந்து என் கணவரின் லைசென்ஸை அவரிடமே திருப்பிக் கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கார் சாவியை மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டாம், என்னிடம் கொடுத்தால் போதும். பாவம், அவர் இருக்கிற நிலைமையில் வண்டியைத் தொடக் கூடாது. நானே பத்திரமாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவேன்.