இரண்டாவது மைல்

— வீட்டுக்கு ஒரு ஆளுன்னுதானே மண்டோரு சொன்னீங்க? போன மாசமே என் புருசன் சந்திரன ஜப்பான்காரன் போடுற சயாம் ரயிலு ரோட்டுக்குக் கொண்டுபோயிட்டீங்க. இப்ப எங்கப்பாவையும் லாரியில ஏறச் சொன்னா என்னா அர்த்தம்?

— ஏ செல்லம், மத்த வீட்டுக்கு ஒன்னு லா. வேதக்கார வீட்டுக்கு ரெண்டு. நானா சொல்றேன்? உங்கப்பாதான் ஞாயித்துக்கெழமை பைபிளச் சத்தமாப் படிச்சாரு. ஒருத்தன் ஒரு மைலு வான்னு கட்டாயப்படுத்துனா, அவனோட ரெண்டு மைலு போகணுமாம். படிச்சீங்களா இல்லியா உபதேசியாரே?

— படிச்சேன் முனியாண்டி. ஆனா வசனத்த அப்படித் துண்டாப் பிச்சு எடுக்கக் கூடாது. சந்தர்ப்பம் பாக்கணும்.

— அப்பா, லாரி ஸ்டோரு வாசல்ல நிக்குது!

— நிக்கட்டும்மா. நான் போறது வேற விசயம், வசனம் தப்பாப் போகக் கூடாது. கேளு முனியாண்டி. அப்ப அந்த ஊரப் புடிச்சு வச்சிருந்தவன் ரோமாபுரிக்காரன். அவன் சிப்பாய், வழியில போறவன நிறுத்தி மூட்டையத் தூக்கச் சொல்லுவான்.

— இங்க ஜப்பான்காரன் மாதிரின்னு சொல்லுங்கப்பா.

— அதேதான். ஆனா அவங்க சட்டப்படி ஒரு மைலுக்கு மேல தூக்க வச்சா சிப்பாய்தான் மாட்டிக்குவான். தூக்குறவன் சிரிச்சுக்கிட்டே ரெண்டாவது மைலும் நடந்தான்னு வையி, சிப்பாய்க்கு வேர்த்துக் கொட்டும். மூட்டையக் குடுடா சாமின்னு பின்னாலயே கெஞ்சிக்கிட்டு ஓடியாருவான்.

— அப்ப நீங்களும் சயாமுக்குச் சிரிச்சுக்கிட்டே போங்க உபதேசியாரே. எவன் கெஞ்சுறான்னு பாப்போம்.

— யோசிக்க வேண்டிய கேள்விதான்...

— நீங்க யோசிச்சது போதும்ப்பா! மண்டோரு, இந்தத் தோட்டத்துல வேதக்கார வீடு எங்க வீடு ஒன்னுதான். கூடுதலா கேக்குற இந்த ஒரு ஆளு யாருக்குப் பதிலு?

— யாருக்கும் இல்ல லா.

— உங்க வீட்டுல நீங்க ஒண்டி ஆளு. உங்க வீட்டுலேருந்து யாரு ஏறுனா?

— நான் போயிட்டா காலையில பெரட்டுல ஆளு எண்ணி வேலைக்கு அனுப்புறது யாரு? ஜப்பான்காரனுக்கு யாரு ஏறுனா என்னா, ஆளு கொறையக் கூடாது. நானும் என்னா செய்யிறதுன்னு தெரியாமத் தவிச்சேன் புள்ள. அந்த வசனம் காதுல விழுந்துச்சு பாரு, கடவுளே எனக்காக எறங்கி வந்து பேசுன மாதிரி இருந்துச்சு.

— நெசமாவா முனியாண்டி? வசனம் உன்னத் தொட்டுச்சா?

— அப்பா, எதுக்கு இப்ப அழுவுறீங்க?

— பதினஞ்சு வருசமா படிக்கிறேம்மா. இந்த லயத்து வீடுங்கள்ல ஒருத்தனும் காது குடுத்ததில்ல.

— இப்ப மொத்த லயமும் அத மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு உபதேசியாரே. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

— சும்மா சொல்லாதீங்க மண்டோரு. நீங்க முனீஸ்வரருக்குக் கோழி அறுக்குறவரு.

— அது போன வாரம் லா. இப்ப இந்த வசனத்த எழுத்துக்கு எழுத்து நம்புறேன்.

— இத எல்லாரும் கேக்கச் சொல்லுவீங்களா? மங்கம்மாக்கா! வெளிய வாங்க! அடுத்த லயத்துக்காரங்களையும் கூப்புடுங்க!

— சொல்றேன், எனக்கென்னா பயம்? எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! நான் இத நம்புறேன்! இதுல உள்ளபடிதான் நடக்கணும்!

— கேட்டுச்சாக்கா? அப்பா, இப்ப சொல்லுங்க. இந்த வசனம் யாருக்குச் சொன்னது?

— நம்புறவனுக்கு மட்டுந்தாம்மா.

— அப்ப ஏறுங்க மண்டோரு. உங்க மைலு ஒன்னு, எங்கப்பாவுக்குப் பதிலா நடக்குற மைலு ஒன்னு.